வாடை தெரியல

டீச்சர் அந்தத் தலையணை உறையைக் கடை மேசையில் வைத்த விதமே சரியில்லை. வழக்கமாகத் துணி மூட்டையைப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைச் சொல்லி, பதிலுக்கு என் வாயிலிருந்து தெருக்கதை நாலைப் பிடுங்கிக்கொண்டுதான் நகர்வார். அன்றைக்கு, முந்தின நாள் நான் துவைத்துத் தேய்த்துக் கொடுத்த உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார். எதிர்வீட்டுக்காரர், நான் லாண்டரி திறந்த நாளிலிருந்து வாடிக்கை. அதனால் நானே கேட்டேன், கறை ஏதாவது போகவில்லையா என்று.

"கறையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. தலைய வச்சுப் படுத்தா பெட்ரோல் வாடை அடிக்குது. தலை சுத்துது."

உறையை எடுத்து மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தேன். கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் சுளித்து, யோசிப்பதுபோல நின்றேன். இந்த நடிப்பு எனக்குக் கைவந்த கலை. பிறகு உறையைக் கீழே வைத்து, "பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துல குடியிருந்துட்டு வாடை அடிக்குதுன்னா எப்படி டீச்சர்? பன்னீரா மணக்கும்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சலவையில் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மூக்குக்கு மற்றபடி வேலை எதுவும் கிடையாது என்பது வேறு விஷயம். அரசாங்கமே வந்து சோதித்துப் பார்த்து, பங்க் சுவரில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறதே, கண்ணில் படவில்லையா என்று கேட்டேன்.

"பட்டுச்சு. அத விடுங்க, நீங்கதான் தண்ணி நல்லாருக்குன்னு சொன்னீங்க. அதனாலதான் நாங்க யாரும் வாயத் திறக்கல" என்று சொல்லிவிட்டு டீச்சர் போய்விட்டார். உறையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

என் மூக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் ஒரு காய்ச்சல் வந்து பிழைத்தேன். பிழைத்து எழுந்தபோது வாசனை என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவன் என் தம்பி. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து பாத்திரம் கரியாகிக் கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தேனாம். கதவருகில் நின்று வேடிக்கை பார்த்தவன், "அக்கா, உனக்கு மூக்கு செத்துப்போச்சு" என்று கைதட்டினான். அப்பாவிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். சொல்லவில்லை. சும்மா ஒன்றும் இல்லை. அதில் அவனுக்கு லாபம் இருந்தது. மீசை முளைக்கிற வயதில் மாடியறையில் என் எதிரிலேயே உட்கார்ந்து சிகரெட் பிடிப்பான். அப்பா மேலே வந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "புகை வாடை வருதா?" என்று என்னைக் கேட்பார். நான் பொய் சொல்லமாட்டேன் என்பது அப்பாவின் நம்பிக்கை. நானும் பொய் சொல்லமாட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்பேன். அப்பா கீழே இறங்கிப் போய்விடுவார். நாங்கள் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு வருகிறது, அதுதான் கொடுமை.

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவருக்குத் தெரிந்தது. மகள் வளர்ந்ததும் அவளுக்குத் தெரிந்தது. தெருவில் யாருக்கும் தெரியாது. மோப்பம் தெரியாத லாண்டரிக்காரியிடம் யார் துணி போடுவார்கள்? வியர்வைத் துணி எது, ஈரம் காயாத துணி எது என்று கையால் தொட்டே சொல்லக் கற்றுக்கொண்டேன். கணவர் போன பிறகு கடையைத் தனியாகவே ஓட்டிவிட்டேன். கடைக்குப் பின்னால் கிணறு, கிணற்றில் மோட்டார், மாடியில் தொட்டி. எங்கள் தெரு வீடுகள் அத்தனைக்கும் அந்தத் தொட்டியிலிருந்துதான் குழாய் போகிறது. சாயங்காலம் மோட்டார் போடுவது என் பொறுப்பு. கொஞ்சம் தாமதமானால் தெருவே என் பெயரைக் கூப்பிடும். கிணற்றுக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவே ஒரு மதில் சுவர்தான்.

போன வருடம் தம்பியின் ஆபீஸில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவன் அரசாங்க ஆபீஸில் ஒப்பந்த வேலையில் இருப்பவன், கள ஆள். நகரத்திலிருக்கும் பங்குகளில் பூமிக்கடியில் புதைத்திருக்கும் டாங்குகள் எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, எது எப்போது புதைத்தது, ஒற்றைத் தகடா இரட்டைத் தகடா, சுற்றிலும் ஈர மண்ணா, பக்கத்தில் கிணறு உண்டா என்று விசாரித்து, எது ஒழுகக்கூடும் எது தாங்கும் என்று பிரித்து வைக்கிற வேலை. ஆபத்து அதிகம் என்றால் சிவப்பு ஸ்டிக்கர், நடுத்தரம் என்றால் மஞ்சள், குறைவு என்றால் பச்சை. என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கு வேறு பேச்சே இருக்காது. "இரும்பும் நம்மள மாதிரிதான்க்கா. மண்ணுக்குள்ள போனா மக்கிடும். மேல நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கிணத்துல பெட்ரோல் மிதக்கும்" என்பான். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்குப் பயந்து மாடியில் ஒளிந்தவன், இன்றைக்கு ஊர் மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பார்த்துச் சொல்கிற ஆள்.

எங்கள் பங்குக்கும் வந்தார்கள். ஆரஞ்சு மேல்சட்டை போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்தான். பின்னால் இரண்டு அதிகாரிகள். பங்கில் பேசி முடித்துவிட்டு என் கிணற்றுக்கு வந்தார்கள். கிணற்றுக்கு ஒரு வீடு வீதம் விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். எந்த வீடு என்று தீர்மானிப்பது கள ஆள். வாடை இருக்கிறது என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டால் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டும். இல்லை என்றால் அத்துடன் முடிந்தது. தம்பி வாளியில் தண்ணீர் இறைத்தான். முகத்துக்கு நேராகத் தூக்கினான், உடனே கீழே வைத்தான், தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இந்தத் தண்ணில உங்களுக்கு ஏதாவது வாடை தெரியுதா?" என்று கேட்டான்.

பிறந்ததிலிருந்து அவன் என்னை நீ என்றுதான் கூப்பிடுவான். அதிகாரிகளுக்கு முன்னால் அக்காவுக்கு மரியாதை கொடுக்கிறான் என்று நான் உச்சி குளிர்ந்துபோனேன். கேள்வியைவிட அந்த 'உங்களுக்கு'தான் என் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்தபடியே, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன். அவன் திரும்பி, "வாடை இல்ல சார்" என்றான். என் 'தெரியல' அவன் வாயில் 'இல்ல' ஆனதை நான் கவனிக்காமல் இல்லை. அவன்தான் வாளியைத் தூக்கி முகர்ந்து பார்த்தானே, அவனுக்குத்தான் நல்ல மூக்கு இருக்கிறதே, எனக்கும் சேர்த்து அவன் பார்த்துக்கொண்டான் என்று நினைத்தேன். அதிகாரிகளுக்கு டீ போட உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வாரம் பங்க் சுவரில் பச்சை ஸ்டிக்கர் ஏறியது. யார் கேட்டாலும் நான் சொன்னேன்: என் தம்பியே வந்து பார்த்தான், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கடைசி வீட்டில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் கேன் தண்ணீர் வாங்கப் போனபோது, எதற்கு வீண் வேலை என்று தடுத்ததும் நான்தான். என் வாய்க்கு அன்றைக்கு யாராவது பூட்டுப் போட்டிருக்கலாம்.

டீச்சர் உறையைப் போட்டுவிட்டுப் போன அந்த வாரம்தான் வெளியூரில் வேலை பார்க்கிற மகள் லீவில் வந்தாள். மத்தியான வெயிலில் வந்தவளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவள் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினாள். செம்பை முகர்ந்து பார்த்தாள். குழாயைத் திறந்து முகர்ந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதையாம்மா குடிக்கிற?"

நான் ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். மாமா வந்ததைச் சொன்னேன். அவள் செம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட கேட்டாரு?"

"என்கிட்டதான்."

"உன்கிட்டயா?" என்றாள்.

அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் அந்தப் பழைய மாடியறைக்குப் போய்விட்டேன். எதிரில் அவன், விரலிடுக்கில் சிகரெட், படியில் அப்பாவின் செருப்புச் சத்தம். தெருவில் இத்தனை வீடு இருக்கிறது. எதிரிலேயே டீச்சர் இருக்கிறார், நாய் மாதிரி மோப்பம் பிடிப்பவர். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, இந்த ஊரிலேயே மூக்கு செத்த ஒருத்தியைத் தேடி வந்து கேட்டிருக்கிறான். மூக்கு செத்ததைக் கண்டுபிடித்தவனே வந்து கேட்டிருக்கிறான். நான் பொய் சொல்லமாட்டேன் என்பதும், என்ன சொல்வேன் என்பதும் வார்த்தை பிசகாமல் அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் மனம் உடனே ஒப்புக்கொண்டுவிடுமா? என் மனம் வக்கீல் மாதிரி வாதாடியது. அன்றைக்கு வாடை இல்லாமல் இருந்திருக்கலாம், பிறகு வந்திருக்கலாம். அவன் அவசரத்தில் இருந்திருக்கலாம். என் தம்பி, நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் அப்படிச் செய்வானா? இஸ்திரிப் பெட்டியை வைத்தபடியே விட்டு ஒரு சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் துணி கருக்கியதில்லை. கருகியதும் எனக்குத் தெரியவில்லை. மகள் உள்ளேயிருந்து கத்திய பிறகுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். மருமகளைப் பார்க்க வந்ததாகச் சொல்லி, அவள் தலையைத் தட்டி, வேலை எப்படி என்று விசாரித்தான். தோளில் தொங்கிய தண்ணீர்ப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தான். அந்தப் புட்டியை வைத்து நான் எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன். வேலைக்கு வெயிலில் அலைகிறவன், கையோடு தண்ணீர் கொண்டுவருகிறான், இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். "ஆபீசர் ஆயிட்டாரு, அக்கா வீட்டுத் தண்ணி தொண்டையில இறங்காது" என்று சொல்லியிருக்கிறேன். அவனும் சிரித்திருக்கிறான். அன்றைக்கு அந்தப் புட்டியைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த ஆய்வுக்குப் பிறகு அவன் என் வீட்டில் டீகூடக் குடித்ததில்லை. இப்போதுதான் குடித்தேன் என்பான், வயிறு சரியில்லை என்பான்.

மகள்தான் ஆரம்பித்தாள். "மாமா, அன்னிக்கு ஏன் அம்மாகிட்ட மட்டும் கேட்டீங்க?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. புட்டியின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தான். கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, இருக்குன்னு நீ சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? தண்ணி எடுத்துட்டுப் போவாங்க. பங்கத் தோண்டுவாங்க. மொத வேலையா உன் கிணத்துக்கு சீல் வைப்பாங்க. அப்புறம் நீ எதுல துணி துவைப்ப? உன் கடைய நெனச்சுதான்க்கா நான்..."

முடிக்காமல் நிறுத்தினான். பிறகு அவனே தொடர்ந்தான். மேலே இருப்பவர்கள் மாதக் கடைசிக்குள் முடிக்கச் சொல்லி நெருக்கினார்களாம். ஒவ்வொரு சிவப்புக்கும் ஆயிரம் கேள்வி கேட்டார்களாம். வேலையை நிரந்தரம் செய்கிற பேச்சும் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்ததாம். எல்லா இடத்திலும் எல்லாரும் அப்படித்தான் செய்தார்களாம். பேசப் பேச அவன் குரலில் ஒரு தெம்பு வந்தது, தான் சொல்வதைத் தானே நம்ப ஆரம்பித்தவன்போல. என் கடைக்காகவா, அவன் வேலைக்காகவா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் தெரு குடித்தது என்னவோ இந்தத் தண்ணீரைத்தான். அந்தக் கைக்குழந்தை குடித்ததும் இதைத்தான்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவனை நாலு சாத்து சாத்த வேண்டும்போலிருந்தது. அதே நேரத்தில், ஒன்றுமில்லை அக்கா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்றும் இருந்தது. சொல்லிவிட்டால் நம்பிவிடுவேன். அந்த அளவுக்கு நான் கேவலமாக இருந்தேன்.

"அதெல்லாம் எனக்கு வேணாம். குடிக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு" என்றேன்.

அவன் தலை நிமிர்ந்தான். என் கண்ணை நேராகப் பார்த்தான்.

"குடிக்கலாம்க்கா. பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க தாராளமா குடிங்க."

நீங்க. அறையில் அதிகாரிகள் யாரும் இல்லை. நானும் என் மகளும்தான் இருந்தோம். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் தலையாட்டினேன். சரிப்பா, நீ சொன்னா சரிதான் என்றேன். அவன் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கே பரிதாபமாக இருந்தது.

வெயில் சாயும்வரை வேறு ஏதேதோ பேசிவிட்டுக் கிளம்பினான். மேசையிலிருந்த புட்டி காலியாக இருந்தது. நான் அதை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயில் நிரப்பினேன். முன்பெல்லாம் அவன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான்தான் நிரப்பித் தருவேன். கைக்குப் பழகிய வேலை. வழிந்த தண்ணீர் என் விரல்களை நனைத்தது. "இருக்கட்டும்க்கா, போற வழில வாங்கிக்கறேன்" என்றான். "வெயில்ல போற, வச்சுக்கோ" என்று நீட்டினேன். ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். வரேன்க்கா என்றான்.

கடை வாசலில் துணி தொங்கவிடும் கம்பிக்குப் பின்னால் நின்று அவன் போவதைப் பார்த்தேன். டீச்சர் வீட்டைத் தாண்டினான். டீச்சர் வாசலில் வைத்திருக்கும் ரோஜாத் தொட்டிகள் வெயிலில் வாடிக் கிடந்தன, அவற்றையும் தாண்டினான். கைக்குழந்தைக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டுவிட்டு நடந்தான். தெருமுனைக்குப் போனதும் நின்றான். இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். தொங்கிய போர்வைகளுக்கு நடுவே நான் அவனுக்குத் தெரிந்திருக்க மாட்டேன். புட்டியைக் கழற்றி, சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் குனிந்து, தன் கால்மேல் தெறித்துவிடாமல் உடம்பைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் கவிழ்த்தான். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தான். துடைத்த கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். மறுபடியும் துடைத்தான்.

"அக்கா, நேரமாச்சே. இன்னும் மோட்டார் போடலையா?" கடைசி வீட்டிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். அவள் இடுப்பிலிருந்த குழந்தையும் என் கடைப் பக்கம் கையை நீட்டியது.

மோட்டார் சுவிட்ச் என் தலைக்கு மேலே சுவரில் இருந்தது. ஈரம் காயாத என் கையைத் தூக்கினேன். சுவிட்ச் பக்கம் போகாமல் அது என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.